அண்ணன் வீட்டில் இருந்தான்

காலாப்பட்டு
9.6.2025

அண்ணே,

ப்ரூஃப் வந்து சேந்துது. உன் பக்கத்து வீட்டு அமுதவல்லி அக்கா எங்க கேம்பஸ் கேன்டீனுக்கு வேலைக்கு வர்றது நமக்கு எவ்ளோ சௌகரியம் பாரு. பஸ் நெரிசல்லயும் கவரைக் கசக்காம கொண்டாந்து குடுத்துட்டாங்க. இந்தக் கடுதாசியும் அவங்க கையிலதான் வரும். ஃபோன் பண்ணலாம்தான். போன தடவை அட்டைக் கலருக்கே ரெண்டு பேரும் அரை மணி நேரம் கத்தினோம். இது அட்டைக் கலர் இல்ல, அதனால எழுதறேன்.

பதினோரு கதையில பத்து கதைய அழகா அடிச்சிருக்க. என்னோட மொத புக்கு, அத என் அண்ணனே தன் கடையில உக்காந்து டிடிபி பண்ணித் தர்றான்னு லைப்ரரியில கூட வேலை செய்யறவங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். ஆனா அப்பாவப் பத்தின அந்த ஒரு கதைய என்ன பண்ணி வெச்சிருக்க நீ?

"அண்ணன் வீட்டில் இருந்தான்." இந்த வரி அதுல அஞ்சு இடத்துல வரும். அம்மா மேட்டுப்பாளையம் பிஸ்கட் கம்பெனிக்கு ஷிப்டுக்குக் கெளம்பற இடத்துல ஒண்ணு. நான் பத்து மணிக்கு அப்பாவுக்கு ஃபோன் பண்ணலாம்னு எடுத்துட்டு வேணாம்னு வெக்கிற இடத்துல ஒண்ணு. பின்வீட்டு அத்தை குழா ஓடற சத்தத்தக் கேக்கற இடத்துல ஒண்ணு. தண்ணி வழிஞ்சு அவங்க வாசலுக்கு வர்றப்ப ஒண்ணு. கடைசியா, சுடுகாட்டுல யாரோ "கடைசி நேரத்துல கூட யாரு இருந்தா?"ன்னு கேக்கறப்ப ஒண்ணு. நீ மொத்தமா நாலத் தூக்கிட்ட. மொதல்ல வர்றது மட்டும் பாவமா நிக்குது.

அஞ்சும் வேணும். சிவப்பு மையில மறுபடி எழுதியிருக்கேன். ஜூலை கடைசியில மெஷினுக்குப் போகணும்னு பதிப்பாளர் இளம்பரிதி சார் நாள் குறிச்சுட்டாரு. தயவுபண்ணி சீக்கிரம் பாரு.

செல்வி


கருவடிக்குப்பம்
12.6.2025

எழுத்தாளரம்மா செந்தமிழ்ச்செல்வி அவர்களுக்கு,

இவ்ளோ கோவம் எதுக்கு? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?

நான் ஃப்ளெக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸும் அடிக்கறவன். எங்க தொழில்ல ஒரே வரி திரும்பி வந்தா, பேஸ்ட் பண்றப்ப விரல் தவறிடுச்சுன்னு அர்த்தம். போன மாசம் ஒரு பத்திரிகையில 'தங்கள் நல்வரவை நாடும்' ரெண்டு தடவ விழுந்துடுச்சு. ஐநூறு பத்திரிகையும் கடைக்கே திரும்பி வந்துச்சு. பொண்ணோட அப்பா கடை வாசல்ல நின்னு கேட்ட கேள்வி இருக்கே, என் ஏழு தலைமொறைக்கும் போதும். அந்தப் பயத்துல, உன் கதையில அஞ்சு தடவ பாத்ததும் கை தானா டெலிட்டுக்குப் போச்சு. தப்புன்னா தப்புதான்.

இப்ப அஞ்சு இடத்துலயும் போட்டிருக்கேன். ஆனா ஒண்ணு. சொன்னதையே சொன்னா படிக்கறவனுக்கு அலுத்துடும். நம்ம பள்ளிக்கூடத்துல கட்டுரை எழுதறப்ப ஒரே வார்த்தைய ரெண்டாவது தடவ எழுதினா தமிழய்யா வட்டம் போடுவாரே, மறந்துட்டியா? அதனால அர்த்தம் மாறாம வார்த்தைய மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுத்திருக்கேன். படிச்சுப் பாரு, உனக்கே புடிக்கும்.

அம்மா நல்லா இருக்கு. கண்ணுல பொரை முத்திடுச்சு, இப்ப எழுத்தே தெரியலங்குது. புக்கு வந்ததும் அப்பா கதைய யாராவது படிச்சுக் காட்டணுமாம். தெனம் ஒரு தடவ கேக்குது.

கலைவாணன்


காலாப்பட்டு
15.6.2025

அண்ணே,

எனக்குப் புடிக்கும்னு எப்படி நெனச்ச? ஐயோ, படிச்சுட்டு லைப்ரரியிலயே தலையில அடிச்சுக்கிட்டேன்.

நீ போட்டிருக்கறத உனக்கே எழுதிக் காட்டறேன். மொதலாவது, "அண்ணன் வீட்டில் இருந்தான்." சரி. ரெண்டாவது, "மூத்த மகன் இல்லத்தில் இருந்தான்." மூணாவது, "அண்ணனும் அவ்வமயம் அங்கிருந்தான்." நாலாவது, "அவன் உடனிருந்து கவனித்துக்கொண்டான்." அஞ்சாவது, "கலங்கிய கண்களுடன் அண்ணன் நின்றிருந்தான்."

அவ்வமயமா! நம்ம வீட்டுல எந்தக் காலத்துல யாரு அவ்வமயம்னு பேசினது? இது கதையா, இல்ல செவுத்துல ஒட்டற அஞ்சலி நோட்டீஸா?

இப்பவாவது புரியற மாதிரி சொல்றேன், கேளு. அந்த வரி மொத தடவ வர்றப்ப ஒரு தெம்பு. அப்பாவ ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டியாந்து மூணு நாள்தான் ஆகுது, ஆனா பயமில்ல, அண்ணன் கடைக்கு லீவு போட்டுட்டு வீட்ல இருக்கான். ரெண்டாவது தடவையும் அதே தெம்புதான். மூணாவது தடவ குழா ஓடிக்கிட்டே இருக்கு. வரி மாறல, ஆனா படிக்கறவங்களுக்கு லேசா உறுத்தணும். நாலாவதுல தண்ணி அடுத்த வீட்டு வாசலுக்கு வந்துடுச்சு. அப்பவும் அதே மூணு வார்த்த. இவன் இருந்தானே, என்ன பண்ணிக்கிட்டிருந்தான்னு தோணணும். அஞ்சாவதுல அது ஆறுதலா, குத்தமான்னு யாருக்கும் தெரியக்கூடாது. வார்த்த அப்படியே இருந்தாத்தான் அது நடக்கும். நீ ஒவ்வொரு தடவையும் புதுச்சட்ட போட்டுவிட்டா, அது அஞ்சு வேற வேற ஆளாயிடும்.

அப்புறம் ஒண்ணு கேக்கறேன். 'கவனித்துக்கொண்டான்'னு நான் எழுதல. அர்த்தம் மாத்தலன்னு சொன்னியே, அது எங்கேருந்து வந்துச்சு?

பழையபடி போட்டுக் குடு. கெஞ்சிக் கேக்கறேன்.

செல்வி


கருவடிக்குப்பம்
20.6.2025

செல்வி,

உன் மாதிரி எனக்குச் சுத்தி வளைச்சு எழுத வராது. நேரா சொல்லிடறேன். அந்த வரிய நான் அடிக்க மாட்டேன்.

பேஸ்ட் தப்புன்னு சொன்னது பொய். மொத தடவ அடிச்சப்ப ஒண்ணும் தோணல. ரெண்டாவது தடவ, சரி, என்னையும் கதையில சேத்திருக்கான்னு சிரிச்சுக்கிட்டேன். மூணாவதுல கை நின்னுடுச்சு. நாலாவதுல நீ என்னைத் தெருவுல நிக்க வெச்சு ஊரக் கூட்டின மாதிரி இருந்துச்சு. அஞ்சாவதுல தீர்ப்பே எழுதிட்ட. கதையில எங்கயும் நீ என்னை ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா பரவால்ல, திருப்பித் திட்டியிருப்பேன். இருந்தான் இருந்தான்னு சொல்லியே ஆளக் கொல்றியே, இதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?

படிக்கறவங்க யாருன்னு நெனச்ச? அப்பாவோட மில்லுல வேல பாத்தவங்க, நம்ம தெருக்காரங்க, என் கடைக்கு வர்றவங்க. நாளைக்கு எவனாவது கடைக்கு வந்து, நீ வீட்லதான இருந்தன்னு கேட்டா நான் மூஞ்ச எங்க கொண்டு போய் வெச்சுக்கறது? என் கம்ப்யூட்டர்ல நானே உக்காந்து எனக்கெதிரா அடிச்சுக் குடுக்கணுமா? நல்லா இருக்கும்மா உன் நியாயம்.

உனக்கு அஞ்சு தடவ வேணும்னா ஒரே ஒரு வார்த்தைய மாத்து. 'வீட்டில்'ங்கறத எடுத்துட்டு 'கூட'ன்னு போடு. 'அண்ணன் கூட இருந்தான்.' அஞ்சு தடவ என்ன, அம்பது தடவ அடிச்சுத் தர்றேன். மாட்டேன்னா இளம்பரிதி சார்கிட்ட சொல்லி வேற ஆளப் பாத்துக்க.

கலைவாணன்


காலாப்பட்டு
24.6.2025

அண்ணே,

வேற ஆளு எதுக்கு? வேற ஆளு அடிச்சா அந்த வரி இல்லாமப் போயிடுமா?

'கூட'ன்னு என்னால போட முடியாது. நீ வீட்ல இருந்தது எனக்குத் தெரியும். அப்பா கூட இருந்தியாங்கறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சத மட்டும்தான் நான் எழுதினேன். நடுவுல இருக்கறது எனக்குத் தெரியாததாலதான், தெரிஞ்சதையே அஞ்சு தடவ எழுதிட்டு உக்காந்திருக்கேன். அது உனக்குத் தீர்ப்பாத் தெரியுது. சத்தியமா சொல்றேன், எழுதறப்ப அது எனக்கே என்னன்னு தெரியல. சில நாள் அப்பா தனியா சாகலன்னு நிம்மதியா எழுதினேன். சில நாள் உன் மேல அவ்ளோ ஆத்திரம். வரி மட்டும் அதேதான்.

நீ வீட்ல இருந்தேங்கறது நான் கட்டிவிட்ட கதையா? நீ உன் கையால அடிச்ச நோட்டீஸ்லயே போட்டிருக்கியே. 'அன்பு மகன் அருகிலிருக்க இயற்கை எய்தினார்.' அம்மா அத பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுல வெச்சிருக்கு. பதினோரு வருஷமா எனக்குள்ள ஒரே கேள்வி. பின்வீட்டு அஞ்சலாட்சி அத்தை காரியத்தன்னிக்கு என்கிட்ட சொன்னாங்க. "பத்து மணிலேருந்து குழா ஓடிக்கிட்டே இருந்துச்சுடி. தண்ணி எங்க வாசலுக்கே வந்துடுச்சு. உன் அண்ணன் இருக்கானேன்னு நான் எட்டிப் பாக்கல." அப்பா குழாயடியிலதான் கெடந்தாரு. நீ பக்கத்துல இருந்திருந்தா அந்தக் குழாய யாரும் ஏன் மூடல?

பதினோரு வருஷமா உன்கிட்ட இத வாய்விட்டுக் கேக்க எனக்குத் தைரியம் வரல. அதான் கதையாக் கேட்டேன். இப்ப நேராவே கேக்கறேன். எப்பதான் சொல்லப் போற?

செல்வி


கருவடிக்குப்பம்
3.7.2025

செல்வி,

அமுதவல்லி அக்கா தெனம் காலையில வந்து, கடுதாசி இருக்காப்பான்னு கேட்டுட்டு வெறுங்கையோட போனாங்க. ஒரு வாரமா எழுதறதும் கிழிக்கறதுமா இருந்தேன். எப்படி எழுதினாலும் ஒண்ணுதான். நான் வீட்ல இல்ல.

ஒம்போது மணிக்கு எனக்கு அப்ப வேல குடுத்த கடைக்காரரு கூப்பிட்டாரு. யாரோ பிரமுகருக்குப் பொறந்த நாளு, மத்தியானத்துக்குள்ள ஃப்ளெக்ஸ் கட்டணும், வேற ஆளு இல்லன்னாரு. நான் அப்பாகிட்ட, அரை மணி நேரத்துல வந்துடறேம்பான்னு சொன்னேன். அவரு கட்டில்ல உக்காந்து பேப்பர் பாத்துட்டிருந்தாரு. "போயிட்டு வாடா, நான் என்ன கொழந்தையா"ன்னாரு. அங்க போனா, அவங்க போட்டோவ மாத்து, கலர மாத்து, இன்னொருத்தன் போட்டோவ பெருசா போடுன்னு மூணு தடவ மாத்த வெச்சாங்க. நான் திரும்பி வர்றப்ப பன்னெண்டரை. தெருவுல ஈரம் இருந்துச்சு. யாரோ வாசல் கழுவியிருக்காங்கன்னு நெனச்சு அதுலயே நடந்து வந்தேன் செல்வி. குழாய நான்தான் மூடினேன். அப்புறம்தான் அவரத் தூக்கினேன். மொதல்ல குழாய எதுக்கு மூடினேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

ஆம்புலன்ஸுக்கு நான் சொன்னேன், எல்லாரும் வந்தாங்க. நீ இருந்தியான்னு ஒருத்தரும் கேக்கல. நீயாவது இருந்தியேன்னுதான் ஆரம்பிச்சாங்க. சொல்லலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள அடுத்த ஆளு வந்து கையப் புடிச்சுக்குவாரு.

அந்த நோட்டீஸ் இருக்கே, அதுவும் பொய்யின்னு தெரிஞ்சு அடிச்சதில்ல. ஊருக்கெல்லாம் அடிக்கறவன், அப்பாவுக்கு வேற எவன்கிட்ட போய் அடிக்கறது? சாயங்காலம் நானே போய் உக்காந்தேன். லீவு போடறதுக்கு முன்னாடி ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு அடிச்ச ஃபைல் மேலயே இருந்துச்சு. எப்பவும் பண்ற மாதிரி அதத் தொறந்து போட்டோவ மாத்தினேன், பேர மாத்தினேன், வயச மாத்தினேன், தேதிய மாத்தினேன். கண்ணு சரியாத் தெரியல. 'அன்பு மகன் அருகிலிருக்க'ங்கறது அந்த வாத்தியார் மகன் கேட்டுப் போட்ட வரி. அது அப்படியே நின்னுடுச்சு. இருநூறு நோட்டீஸ் அடிச்சு ஒட்டியாச்சு. மறுநாள் காலையில நம்ம தெரு முனையில அம்மா செவுத்துக்குப் பக்கத்துல நின்னு எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டிருந்துச்சு. படிச்சுட்டு என் தலைய வயித்தோட சேத்துப் புடிச்சுக்கிட்டு, "அது போதும்டா"ன்னுச்சு. அதுக்கு மேல நான் எப்படிடீ சொல்லுவேன்?

அன்னிலேருந்து எங்க ஒரே வரி ரெண்டாவது தடவ வந்தாலும் எனக்கு உள்ளுக்குள்ள தூக்கிப் போடும். நீ அஞ்சு தடவ எழுதி அனுப்பிட்ட.

இப்ப உனக்குத் தெரிஞ்சிடுச்சு. என்ன வேணா போட்டுக்க.

கலைவாணன்


காலாப்பட்டு
11.7.2025

அண்ணே,

உன் கடுதாசியப் படிச்சுட்டு ரெண்டு நாள் லீவு போட்டேன். உன்ன எவ்ளோ திட்டினேன்னு சொல்ல மாட்டேன். ஒரு நாள் பூரா பாத்திரத்தையெல்லாம் ணங்கு ணங்குன்னு வெச்சேன். முன்னப்பின்ன தெரியாத ஒரு வாத்தியார் வீட்டு வரிய நம்பி பதினோரு வருஷம் அழுதிருக்கேன், அதே வரிய நம்பி உன்னைச் சந்தேகமும் பட்டிருக்கேன். அடப்பாவி, ஒரே ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா? என்னை விடு. அப்பா தனியாத்தான் போனாருன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. எனக்கு அவரு இந்த வாரம்தான் செத்த மாதிரி இருக்கு.

கோவம் கொஞ்சம் எறங்கினப்புறம் கதைய எடுத்து மறுபடி படிச்சேன். அஞ்சு வரியையும் அடிச்சுடலாம்னுதான் பேனா எடுத்தேன். அடிக்க முடியல. ஏன்னு சொல்றேன். அம்மா அன்னிக்கு ஷிப்டுக்குப் போச்சே, அண்ணன் வீட்ல இருக்கான்னு. அத்தை எட்டிப் பாக்கலயே, அதே காரணம். நான் பத்து மணிக்கு ஃபோன கையில எடுத்தேன்னு கதையில எழுதியிருக்கேன்ல? அது நெஜம். ஒரே ஒரு ஃபோன். அப்பா எடுக்கலன்னா உனக்கு அடிச்சிருப்பேன். நீ ஓடி வந்திருப்ப. அண்ணன் இருக்கான்னு சொல்லிக்கிட்டு ஃபோன கீழ வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

அந்த வரி உன்னப் பத்தினதே இல்லண்ணே. நாங்க எல்லாரும் வராமப் போனதுக்கு எங்களுக்கு நாங்களே சொல்லிக்கிட்டது அது. அதனாலதான் அத்தனை தடவ சொல்ல வேண்டியிருந்துச்சு போல. உன்ன குத்தம் சொல்றேனா, ஆறுதல் தேடறேனான்னு முழிச்சிட்டிருந்தேன். என்னையத்தான் நான் தப்பிக்க வெச்சிட்டிருந்திருக்கேன்.

அதனால அஞ்சு இடத்துலயும் அந்த வரிய அப்படியே போடு. வீட்டில்தான், கூட இல்ல. ஆனா கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்துல, அப்பா குழாயடியில கெடக்கற இடம் வருதுல்ல, அந்தப் பத்தி முடிஞ்சதும் ஒரு வரி அளவுக்கு வெறுமனே விட்டுடு. அந்த இடத்துல நான் அந்த வரிய எழுதல. எழுதவும் மாட்டேன்.

அம்மாகிட்ட சொல்றதும் சொல்லாததும் உன் பாடு. நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கதைய அம்மாவுக்கு நான் வந்து படிச்சுக் காட்ட மாட்டேன். நீதான் படிக்கணும்.

செல்வி


கருவடிக்குப்பம்
9.8.2025

செல்வி,

புக்கு கட்டா வந்து எறங்கிடுச்சு. அமுதவல்லி அக்காகிட்ட பத்து குடுத்தனுப்பறேன். கனமா இருக்கும், பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்க.

அஞ்சும் அஞ்சு இடத்துல இருக்கு. காலி வரியும் இருக்கு. மெஷின்ல ஏத்தறப்ப அங்க இருந்த ஆளு எனக்கு ஃபோன் பண்ணி, "சார், இங்க ஏதோ விட்டுப்போயிருக்கு"ன்னாரு. ஒண்ணும் விட்டுப்போகல, ஓட்டுங்கன்னு சொல்லிட்டேன்.

மொத புக்க அம்மாவுக்குத்தான் படிச்சேன். ஞாயித்துக்கெழம சாப்பிட்டு முடிச்சதும், நீ படிக்கறியா இல்லையான்னு ஒரே புடி. மொத வரி வந்தப்ப, "ஆமாமா, நீ இருக்கற தைரியத்துலதான் நான் ஷிப்டுக்குப் போனேன்"ன்னுச்சு. ரெண்டாவதுக்குத் தலையாட்டுச்சு. மூணாவதுக்குத் தலையாட்டறத நிறுத்திடுச்சு. நாலாவது வந்தப்ப, "எத்தன தடவடா அதையே எழுதுவா இவ"ன்னு சலிச்சுக்கிச்சு. நான் பக்கத்தத் திருப்பினேன். குழாயடி வந்துச்சு. அடுத்து நீ விட்ட இடம். நான் நிறுத்தினேன். "என்னடா, மேல படி"ன்னுச்சு. இங்க ஒண்ணும் எழுதலம்மான்னேன். "ஏன்?"ன்னு கேட்டுச்சு. நான் வீட்ல இல்லம்மான்னு சொல்லிட்டேன். ஃப்ளெக்ஸு, வாத்தியார் நோட்டீஸு, எல்லாத்தையும் சொன்னேன்.

அஞ்சு நாள் என்கூட ஒரு வார்த்த பேசல. சோறு போட்டு வெச்சுட்டு உள்ள போயிடும். அஞ்சாவது வரி வர்ற சுடுகாட்டுப் பக்கத்த இன்னும் படிச்சுக் காட்டவே இல்ல. நேத்து காலையில கடைக்கு வந்துச்சு. ஆமா, கடைக்கே. செவுத்தத் தடவித் தடவிப் படியேறி வந்து, பீரோவுல இருந்த அந்த நோட்டீஸ கவரோட என் கீபோர்டு மேல வெச்சுச்சு. "வர்ற இருபதாந்தேதி உங்கப்பா நெனவு நாளு. இத சரியா அடிச்சுக் குடு"ன்னுட்டு, திரும்பிப் பாக்காம போயிடுச்சு.

பழைய கடையிலேருந்து காப்பி பண்ணி வெச்சிருந்த அந்த ஃபைலத்தான் இப்ப தொறந்து வெச்சிருக்கேன். போட்டோ சரி. பேரு, கலியமூர்த்தி, சரி. வயசு சரி. 'அன்பு மகன் அருகிலிருக்க'ங்கறத எடுத்துட்டேன். அந்த இடத்துல எதையெதையோ அடிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் நிக்கல. வெறுமனே விட்டா, படிச்சுக் காட்டறப்ப அந்த இடத்துல என்னன்னு அம்மா கேக்கும்.

நீ ஒரு வரி எழுதி அனுப்பு. ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன்.

அண்ணன்